மோதும்போது கப்பல் யார் கையில்

என் பெயரும் பணி எண்ணும் தனித்தாளில் உள்ளன. வயது நாற்பத்தொன்று. துறைமுகத்துக்குப் பின்புறம் மாலுமிகள் குடியிருப்பில், மூன்றாவது மாடியில், மனைவியோடும் மாமியாரோடும் வசிக்கிறேன். போர்க்கப்பலில் சுக்கான் பிடிப்பது என் வேலை. வீட்டுச் சுக்கான் மாமியார் கையில். இதையும் எழுதுவதானால் எழுதிக்கொள்ளலாம்.

சம்பவத்தன்று காலை எங்கள் கப்பல் துறைமுகத்துக்குள் வந்தது. அதைக் கரையணைக்கும் வேலையைக் கேப்டன் ஓர் இளம் அதிகாரியிடம் கொடுத்திருந்தார். புதிதாகக் கல்யாணமானவர் என்பதால் நாங்கள் அவரை மாப்பிள்ளை என்போம். செய்தால்தானே பழகும் என்று கேப்டன் பேண்ட் பையில் கைவிட்டுப் பின்னால் நின்றார். அதன் பிறகு மாப்பிள்ளை வேகத்தைக் குறைக்காமலே வரவும், கேப்டன், "பின்னே எடுங்க" என்று மெதுவாகச் சொல்ல, அவர் சிலை மாதிரி நின்றுவிட்டு, அதன் பிறகே இயந்திரத்தைப் பின்னோக்கி இயக்கச் சொன்னார். பிரேக் போட்டதும் நிற்க அது லாரி இல்லை.

அதன் பிறகு, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று எல்லோருக்கும் தெரிந்த நேரத்தில், கேப்டன் முன்னால் வந்து, "இனிமே கப்பல் என் கையில" என்றார். அப்படிச் சொன்னால் சுக்கான் பிடிப்பவன் அதை உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். கப்பலை ஓட்டும் அறையிலுள்ள பதிவுக் கருவியில் அது ஏறிவிடும். அப்போதிருந்து நல்லது கெட்டது எல்லாம் அவர் தலையில். நான் வாயைத் திறக்கவில்லை. அவர், "சத்தமா திருப்பிச் சொல்லு" என்றார். சொன்னேன். அதன் பிறகு கப்பலின் எச்சரிக்கைச் சங்கை அழுத்திப் பிடித்தார். கரையில் கப்பல் கயிற்றை வாங்கிக் கட்ட நின்ற இருவரில் ஒருவர் ஓடிவிட்டார். மற்றவர் குனிந்து கயிற்றைப் பிரித்துக்கொண்டே இருந்தார். இரைச்சலுக்காகக் காதில் பஞ்சு வைத்திருந்தாராம். கப்பல் இடித்து அவர் நின்ற மேடை சரிந்தது. அவர் இறந்துவிட்டார்.

அதன் பிறகு கேப்டன் என்னிடம், "கேட்டா, என் கையில இருந்துச்சுன்னு சொல்லு. பொய்யில்லையே" என்றார். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. ஒருத்தர் செய்ததற்கு இன்னொருத்தர் ஜெயிலுக்குப் போவதா என்ற ஆத்திரத்தில்தான் மேலே உள்ளதையெல்லாம் சொன்னேன். கேப்டன் தப்பித்துக்கொள்வார் என்று நம்பினேன்.

அதன் பிறகு விசாரணை அதிகாரியிடம், "இனி கேப்டனை விட்டுருவீங்கல்ல சார்?" என்று கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "யார் ஓட்டினாலும் பொறுப்பு கேப்டனுக்குத்தான்ப்பா. இதனால அவருக்கு ஒண்ணும் குறையாது. இப்போ அந்தச் சின்ன ஆபீசரும் சேர்ந்து உள்ள போறாரு, அவ்வளவுதான்" என்றார். கேப்டனால் காப்பாற்ற முடிந்தது அந்த ஒருவரைத்தான். அவரையும் நான் மாட்டிவிட்டேன். மாப்பிள்ளையைப் பற்றிய வரிகளை அடித்துவிடும்படி கேட்டேன். காலில் விழுகிறேன் என்றும் சொன்னேன். எழுதியதை அடிக்க வழியில்லை என்று சொல்லப்பட்டது.

இது முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. என்னை யாரும் வற்புறுத்தவில்லை. நான் சொன்னபடியே இருக்கிறது. அடிக்கச் சொன்ன வரிகள் உட்பட எல்லாம் உண்மை.

(கையொப்பம்)