எந்த ஓகே, தலைவர் அவர்களே?

ஆண்டு விழாவுக்குத் தலைமையேற்று, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே! தலைவர் தடுமாறும்போதெல்லாம் தாங்கிப் பிடிக்கும் செயலாளர் அவர்களே! முன்வரிசையில் முழங்காலைத் தடவியபடி முகம் மலராமல் அமர்ந்திருக்கும் மூத்தோர்களே! பிள்ளைகளை ஒரு கையிலும், கதவைப் பூட்டினோமா இல்லையா என்ற கவலையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு பதினான்கு மாடிகளிலிருந்தும் இறங்கி வந்திருக்கும் தாய்மார்களே! உட்கார நாற்காலி இருந்தும் நின்றே கேட்கும் வாட்ச்மேன் அண்ணன் அவர்களே! பெரிய லிஃப்டை நான் நிறுத்தி வைத்த ஒன்பது நாளும், படிக்கட்டின் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கி என்னை வாயார வாழ்த்திய வள்ளல்களே! உங்கள் அத்தனை பேருக்கும், லிஃப்டைப் பழுது பார்க்கும் இந்த லிஃப்டுக்காரியின் பணிவான வணக்கம்.

"ரெண்டே வார்த்தை பேசிட்டு இறங்கிடும்மா" என்றார் தலைவர். அவர் மனத்தில் இருந்த இரண்டு வார்த்தைகள் எனக்குத் தெரியும். 'தப்பாயிடுச்சு, மன்னிச்சிடுங்க.' அவைதானே தலைவர் அவர்களே? நான் சிக்கனக்காரி. ஒரே ஒரு வார்த்தையைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கிவிடுகிறேன். அந்த ஒற்றை வார்த்தை, ஓகே!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இன்றைய நிகழ்ச்சி நிரலில் எட்டாவது தீர்மானம் என்ன என்று பார்த்தவர்கள் மட்டும் சிரிக்கவில்லை. அந்தத் தீர்மானம் நான்தான். 'இந்தப் பெண்ணை மாற்றிவிட்டு வேறு ஆளை அனுப்புங்கள்' என்று என் கம்பெனிக்குச் சங்கம் கடிதம் எழுதப் போகிறது. நான் மன்னிப்புக் கேட்டால் தீர்மானம் கிடையாது. கேட்காவிட்டால் வேலை கிடையாது. என் வீட்டுக்காரர் வேலை பார்த்த தொழிற்சாலை மூடி ஏழு மாதம் ஆகிறது. ஆக, ஒரு குடும்பத்தின் அடுப்பைப் பணயம் வைத்துவிட்டுத்தான் உங்கள் முன் நிற்கிறேன். பயமில்லையா என்றால், இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டியில் மூன்றாம் பரிசு வாங்கியபோதும் இப்படித்தான் பயந்தேன். மூன்று பேர்தான் பேசினோம் என்பது வேறு விஷயம்.

ஓகே! எங்கிருந்தோ வந்த சொல். எவர் வீட்டிலும் கதவைத் தட்டாமல் நுழையும் சொல். இரண்டே எழுத்து, ஆனால் அதற்குள் எத்தனை அர்த்தம்! ஒருமுறை சொன்னால் சம்மதம். "ஓகே ஓகே" என்று இருமுறை சொன்னால், போதும், வாயை மூடு என்று அர்த்தம். விருந்தாளி எழுந்து நின்று "ஓகே, அப்போ..." என்றால் விடைபெறுகிறார். அப்புறம் வாசலில் நின்று அரைமணி நேரம் பேசுவார், அது அந்த ஓகேயின் வட்டி! "குழாய் ஒழுகுது, எப்ப வர்றீங்க?" என்று பிளம்பரைக் கேளுங்கள். "நாளைக்குக் காலையில, ஓகே மேடம்" என்பார். அந்த ஓகேக்கு அகராதியில் அர்த்தம் கிடையாது, பஞ்சாங்கத்திலும் நாள் கிடையாது.

என் மகள் வெளியூரில் படிக்கிறாள். செல்போனில் 'ஓகே அம்மா' என்று வந்தால் பாசம். 'ஓகே' என்று மட்டும் வந்தால் பரீட்சை. ஓவும் உதிர்ந்து 'கே' என்று ஒற்றை எழுத்து வந்தால், நான் ஏதோ தப்பாகப் பேசிவிட்டேன், ஒரு வாரத்துக்குப் போன் வராது! என் வீட்டுக்காரரிடம் "சாப்பாடு எப்படி?" என்று கேட்டால் "ம்... ஓகே" என்பார். அந்த 'ம்'முக்கும் ஓகேக்கும் நடுவில் உப்பு இல்லை என்று அர்த்தம். என்ன அக்கா, ஒன்பதாம் மாடி அக்கா, உங்கள் வீட்டிலும் அதே கதையா? பாருங்கள், அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்!

ஆனால் அவையோரே, விளையாட்டுக்குச் சொல்லும் ஓகே ஒன்று, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்கும் ஓகே ஒன்று. இரண்டும் ஒன்றாகிவிடுமா?

என் மாமியாருக்கு வயிற்றில் ஆபரேஷன். வெளியே பெஞ்சில் நாங்கள். மருந்துச் சீட்டு கொடுக்க வந்தவர் "எல்லாம் ஓகேதான்மா" என்றார். தரை துடைத்தவரும் ஓகே என்றார். அவர்கள் நல்ல மனதுக்காரர்கள்தான், ஆனால் யாரும் உள்ளே போய்ப் பார்த்தவர்கள் இல்லை. டாக்டர் வெளியே வந்தார். "டாக்டர், ஓகேதானே?" என்று என் வீட்டுக்காரர் ஓடினார். "இன்னும் ஒரு மணி நேரம் பாக்கணும். அதுக்கு முன்னாடி நான் ஓகே சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எங்களுக்கு வந்ததே கோபம்! "ஒரு வார்த்தை சொன்னா வாய் தேஞ்சிடுமா?" என்று சண்டைக்கே போனார் என் வீட்டுக்காரர். ஒரு மணி நேரம் கழித்து அதே டாக்டர் வந்து "ஓகே" என்றார். என் வீட்டுக்காரர் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன். சொல்லாமல் வைத்திருந்தாரே ஒரு மணி நேரம், அதனால்தான் அந்தச் சொல்லை நாங்கள் நம்பினோம்.

இனி வினைச்சொல்லுக்கு வருகிறேன். ஓகே பண்ணு! தமிழர்களாகிய நாம் எதையும் பண்ணிவிடுவோம், ஓகேயையும் பண்ணிவிட்டோம். "மோட்டார் ஓடல, ஓகே பண்ணு" என்றால் பழுது பார். "ஃபைல் வந்திருக்கு, ஓகே பண்ணு" என்றால் கையெழுத்துப் போடு. ஒன்றுக்கு ஸ்பேனர் வேண்டும். மற்றதற்குப் பேனா போதும். இந்த ஸ்பேனருக்கும் பேனாவுக்கும் நடுவில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. மொட்டைமாடி மோட்டார் அறையில், பெரிய லிஃப்டின் பிரேக்கைப் பிரித்துப் பார்க்கிறேன். பிஸ்கட் தடிமனில் இருக்க வேண்டிய பிரேக் கட்டை, தபால் அட்டை தடிமனில் இருக்கிறது. எட்டுப் பேர் ஏறினால் லிஃப்ட் நிற்க வேண்டிய இடத்துக்கு மூன்று விரல் கீழே வழுக்கி நிற்கிறது. மறுநாள் இன்சூரன்ஸ் அதிகாரி வருகிறார். பரிசோதனை அட்டையில், நான் 'ஓகே' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டிய அந்த மாதத்துக் கட்டம் காலி. தலைவர் போன் செய்தார்.

"என்னம்மா, கார்டு ரெடியா?"

"இல்லைங்க சார். பிரேக் தேஞ்சு போச்சு. மூணு விரல் கீழ இறங்கி நிக்குது."

"மூணு விரல்தானே? இவ்வளவு நாளா ஓடிக்கிட்டுத்தானே இருக்கு? நாளைக்கு ஆள் வர்றாங்கம்மா. ஓகே பண்ணிடுங்க."

"சரிங்க சார், ஓகே பண்ணிடறேன்."

சொன்னேன். சொன்னபடி செய்தேன். லிஃப்டை நிறுத்தினேன், பிரேக்கைக் கழற்றினேன், புதுக் கட்டைக்கு எழுதிப்போட்டேன். மறுநாள் இன்சூரன்ஸ் அதிகாரி வந்தபோதும் அட்டையில் கட்டம் காலியாகவே இருந்தது. அது வர ஒன்பது நாள். சின்ன லிஃப்டில் நாலே பேர்தான் ஏற முடியும். பள்ளிக்கூட நேரத்தில் வரிசை வாசல்வரை வந்தது. பெரியவர்கள் முழங்காலோடு சண்டை போட்டுக்கொண்டு படியேறினார்கள். அந்த வலி எனக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒன்பது நாளும் பதினான்கு மாடியும் நானும்தான் ஏறினேன்.

சங்கத்தின் புகார் போய், என்னைக் கம்பெனியில் கூப்பிட்டார்கள். மேனேஜர் நல்லவர், காபி கொடுத்தார். காபி கொடுத்தபோதே எனக்குச் சந்தேகம். டைப் அடித்த தாள் ஒன்றை நகர்த்தினார். 'ஓகே பண்ணுங்கள் என்று சங்கத் தலைவர் சொன்னதை, பழுது பாருங்கள் என்று தவறாகப் புரிந்துகொண்டேன். வருந்துகிறேன்.'

"யார் மேலயும் தப்பில்லம்மா, வார்த்தைதான் குழப்பிடுச்சு. கையெழுத்துப் போட்டு, விழாவுல வாசிச்சிடுங்க. ஓகேவா?"

எவ்வளவு அழகான வழி! தலைவருக்குக் குற்றமில்லை, எனக்கும் குற்றமில்லை. குற்றமெல்லாம் அந்த ரெண்டெழுத்துக்கு. "போட்டுடும்மா, என்ன கெட்டுப்போச்சு" என்று என் வீட்டுக்காரரும் சொன்னார். பேனாவைக்கூட அவரே எடுத்துக் கொடுத்தார்.

என்ன கெட்டுப்போச்சா? அவையோரே, நான் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை! தலைவர் சொன்னது பேனாவைத்தான் என்று எனக்கு நன்றாகப் புரிந்தது. புரிந்துதான் ஸ்பேனரை எடுத்தேன்! தெரியாமல் செய்தேன் என்று சொன்னால், தெரிந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்று ஆகாதா? நாளைக்கு என் இடத்துக்கு வருகிறவருக்கு அது பாடமாகிவிடாதா? மன்னிப்புக் கேட்கத் தயார், நான் செய்த தப்புக்கு. செய்த வேலைக்கு மன்னிப்புக் கேட்கச் சொன்னால், மாட்டேன்! ஊரே கூடிக் கேட்டாலும் மாட்டேன்! உலையில் அரிசி இல்லாமல் போனாலும் மாட்டேன்!

என்ன அண்ணே? பின்னாலிருந்து ஒருவர் கேட்கிறார்: "அதான் ஒண்ணும் ஆகலையே!" நல்ல கேள்வி. ஒன்றும் ஆகவில்லைதான். ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்வதுதான் அண்ணே என் வேலை. ஏதாவது ஆன பிறகு வருவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் சைரன் ஊதிக்கொண்டு வருவார்கள்.

ஓகே என்று எழுத ஒரு நொடி. ஓகே ஆக்க ஒன்பது நாள். எழுதியவர் வீட்டுக்குப் போய்விடுவார். ஏறியவர் வீட்டுக்குப் போக வேண்டாமா? கதவு மூடிக்கொண்டபின், கண்ணாடியில் தலை வாரிக்கொண்டு, பிள்ளையின் டையைச் சரிசெய்துகொண்டு நிற்கிறீர்களே, எதை நம்பி நிற்கிறீர்கள்? தலைவரையா? செயலாளரையா? இன்சூரன்ஸையா? மேலே நீங்கள் பார்த்தே இராத ஒரு அறையில், முகம் தெரியாத ஒருத்தி எழுதிய ஒரு சொல்லை நம்பி நிற்கிறீர்கள். அந்தச் சொல்லை நான் விற்கவும் மாட்டேன், விட்டுக்கொடுக்கவும் மாட்டேன், விழாவுக்காக வளைக்கவும் மாட்டேன்!

தலைவர் என் பக்கம் சாய்ந்து, "அந்த லெட்டரை மட்டும் படிச்சிடும்மா" என்கிறார். மன்னிக்க வேண்டும் தலைவர் அவர்களே, லெட்டர் இப்போது என்னிடம் இல்லை. நீங்கள் எல்லோரும் இறங்கி வந்து இங்கே உட்கார்ந்த பிறகு, சின்ன லிஃப்டைப் பார்க்கப் போனேன். ஒன்பது நாள் ஓயாமல் உழைத்த லிஃப்ட் ஆயிற்றே. ஐந்தாவது மாடியில் வெளிக்கதவைக் கையால் இழுத்தேன். திறந்துகொண்டது. லிஃப்ட் அங்கே இல்லை, அது தரைத்தளத்தில் நின்றது. எனக்கு முன்னால் வெறும் பள்ளம். கதவின் பூட்டு போய்விட்டிருக்கிறது. அந்த மாடியில் எத்தனை குழந்தைகள் என்று எனக்குத் தெரியும். உடனே லிஃப்டை நிறுத்தி, கதவை இழுத்துக் கட்டினேன். போர்டு எழுதத் தாள் இல்லை. பையைத் துழாவினேன். நல்ல கனமான தாள், பின்பக்கம் சுத்த வெள்ளை. 'லிஃப்ட் ஓடாது. கதவைத் தொடாதீர்கள்' என்று பெரிதாக எழுதி ஒட்டிவிட்டு வந்தேன். மன்னிப்பு வேண்டுபவர்கள் ஐந்தாவது மாடிக்குப் போய் அதன் மறுபக்கத்தைப் படித்துக்கொள்ளலாம், கையெழுத்து மட்டும் இருக்காது.

எட்டாவது தீர்மானத்துக்குத் தாராளமாகக் கை தூக்குங்கள். தூக்கிய பிறகு வீட்டுக்குப் போகப் பெரிய லிஃப்ட் இருக்கிறது. ஒரு தடவைக்கு எட்டுப் பேர், முழங்கால் வலிக்காரர்கள் முதலில். தரையோடு தரையாக, ஒரு விரல்கூட இறங்காமல் நிற்கும். இத்தனை நேரம் என்னைப் பொறுத்துக்கொண்ட பெரியோருக்கும் தாய்மாருக்கும், மைக்கைப் பிடுங்காத தலைவருக்கும் என் நன்றி. எல்லோரும் பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்!