முள்ளங்கி மணப்பெண் காணாமல் போன வழக்கு

ஒட்டீலியா: கையை நீட்டு.

ஃபெர்மின்: எதுக்குக்கா?

ஒட்டீலியா: மோந்து பாக்கணும். முள்ளங்கி வாடை அடிச்சா நீதான் திருடன்.

ஃபெர்மின்: காலைலேர்ந்து அப்பாவோட முள்ளங்கி பொம்மைங்களுக்குத் தண்ணி தெளிக்கிறேன். முள்ளங்கி செதுக்குற போட்டி அன்னைக்கு நம்ம வஹாகா ஊர்ல எவன் கை மணக்காது?

ஒட்டீலியா: ம்... எழுதிக்கறேன்.

ஃபெர்மின்: துப்பறியும் கதை எழுதுறியா, திருடனைப் பிடிக்கிறியா?

ஒட்டீலியா: ரெண்டும்தான். கேளு. அப்பா செதுக்குனது கல்யாண ஊர்வலம். வாத்தியக்காரங்க ஒம்போது பேர் இருக்காங்க. பாதிரியார் இருக்கார். வான்கோழியைத் தூக்கிட்டு ஆடுறவர் இருக்கார். மாப்பிள்ளை இருக்கார். பொண்ணை மட்டும் காணோம்.

ஃபெர்மின்: கழுதை தின்னிருக்கும்.

ஒட்டீலியா: மாப்பிள்ளையை விட்டுட்டா?

ஃபெர்மின்: அவர் மூஞ்சியை அப்பா கடுகடுன்னு செதுக்கிட்டாரு. கழுதைக்கும் பயம் இருக்கும்ல...

ஒட்டீலியா: சிரிக்காதடா. நடுவருங்க மூணு மேசை தள்ளி நிக்கிறாங்க. பன்னெண்டு வருஷமா அப்பா ஒரு பரிசு வாங்கினதில்ல. தண்ணி எடுத்துட்டு வந்து இதைப் பாத்தார்னா அழுதுடுவார்.

ஃபெர்மின்: அழுதுடுவாரா?

ஒட்டீலியா: என்ன முழிக்கிற?

ஃபெர்மின்: நான் செஞ்ச முதலை இருக்குல்ல... தண்ணி தெளிக்க மறந்துட்டேன். சுருங்கிப் பல்லியாட்டம் ஆயிடுச்சு.

ஒட்டீலியா: அதுக்கு?

ஃபெர்மின்: பசங்க போட்டிக்கு வைக்க ஒண்ணுமே இல்ல. அதான்...

ஒட்டீலியா: அடப்பாவி. அப்பா செஞ்ச பொண்ணை உம் பேர்ல சீட்டு எழுதிக் கொண்டுபோய் வச்சுட்டியா? ஓடு, எடுத்துட்டு வா.

ஃபெர்மின்: எப்படி எடுக்கறது? ரெண்டாம் பரிசுன்னு நாடா கட்டிட்டாங்களே.

ஒட்டீலியா: ரெண்டாம் பரிசா? மொதப் பரிசுக்கு என்ன கேடு?

ஃபெர்மின்: மூக்கு கோணலாம். சின்னப் புள்ளைங்க கைவேலைன்னு பாத்ததுமே தெரியுதாம்.

ஒட்டீலியா: அவங்க கண்ணுதான் கோணல்.

ஃபெர்மின்: அப்பா செஞ்ச மூக்கைச் சொன்னா உனக்கேன் மூஞ்சி செவக்குது?

ஒட்டீலியா: எனக்கு ஒண்ணும் செவக்கல.

ஃபெர்மின்: காது வரைக்கும் செவந்திருக்குக்கா. நோட்டை ஏன் மூடுற? எழுதிக்கோ.

ஒட்டீலியா: இதை எழுத மாட்டேன்.

ஃபெர்மின்: அக்கா?

ஒட்டீலியா: அப்பா செஞ்ச பொண்ணு காலைலயே என் கை பட்டுக் கழுத்தொடிஞ்சு போச்சுடா, அவர் பாக்கறதுக்குள்ள அவசர அவசரமா நான் செதுக்கி வச்சது அது... போ, சீட்டுல உம் பேரை அடிச்சு எம் பேரை எழுதிட்டுப் பொண்ணைத் தூக்கிட்டு ஓடி வா, மாப்பிள்ளை தனியா நிக்கிறார்.