சம்பந்தி அரைச்ச மொளகாப்பொடி

...அப்படி எழுதாதீங்க. "கலப்படம் இருந்ததாகத் தெரிகிறது"ன்னு என்ன வழவழ கொழகொழன்னு? கலந்தான்னு எழுதுங்க. என் சம்பந்தி கலந்தான். என்ன... மருமகளப் பெத்தவருக்கு மரியாத குடுக்கணுமா? சரி, கலந்தாருன்னே போட்டுக்குங்க. மனு எழுதுறவரு நீங்க, உங்களுக்குத் தெரியாததா.

தையல் ஃபேக்டரியில கேன்டீன் வச்சிருக்கேன். பதினோரு வருஷம். முந்நூறு பேரு சாப்பிடுற எடம், ஒருத்தராவது வயித்தப் புடிச்சுக்கிட்டு உக்காந்தது இல்ல. போன மாசம் ரெண்டு அதிகாரிங்க வந்தாங்க. மொளகாப்பொடி டின்னத் தெறந்து ஒரு கரண்டி எடுத்து, பாட்டில்ல போட்டு, சீல் வச்சாங்க. நான் பாட்டுக்கு சிரிச்சுக்கிட்டு நிக்கிறேன். எனக்கென்ன பயம், சம்பந்தி அவரு மில்லுல அவரே நின்னு அரைச்ச பொடி. கடைசில பாத்தா துணிக்குப் போடுற சாயமாம். துணி தைக்கிறவங்களுக்குத் துணிச் சாயத்தையே சோத்துல போட்டிருக்காரு, பாருங்க பொருத்தத்த. கேன்டீனுக்கும் பூட்டு, மில்லுக்கும் பூட்டு.

அந்த மனுஷன் பெரிய யோக்கியருன்னு ஊரே சொல்லும். சொல்றவங்க சாப்பிட்டுப் பாத்தாங்களா? மொதல்ல அனுப்பின பொடி இருக்கே... செங்கல்ல ஒரசி எடுத்த மாதிரி மங்கிப்போய். காரம் இருந்துச்சு, வாசன இருந்துச்சு, இல்லங்கல. கண்ணுக்கு வேணாமா? தட்டப் பாத்துட்டு சூப்பர்வைசரு, என்னம்மா கையில மொளகா இல்லியான்னு நக்கலடிக்கிறான். திருப்பி அனுப்பினேன். மறுபடியும் அதே மங்கல். நல்ல மொளகாய்க்கு இவ்வளவுதான் நெறம்னு சொல்லி விடுறாரு. எனக்கே பாடம்.

மருமககிட்ட சொன்னேன். உங்கப்பாவுக்கு ஒரு டின்னு பொடி செவப்பா அரைக்கத் துப்பில்ல, பொண்ண மட்டும் தள்ளிவிடத் தெரிஞ்சுதான்னு. அவ பாட்டுக்குப் பாத்திரம் தேய்ச்சா. அழுத்தக்காரி. மூணாவதா வந்துச்சு பாருங்க ஒரு டின்னு, தெறந்ததும் கண்ணு கூசுது. இதத்தானய்யா மொதல்லேர்ந்து கேட்டேன்னு சொல்லி அனுப்பினேன்.

நீங்க ஏன் நிறுத்திட்டீங்க? எழுதுங்க.

விசாரணையில அதிகாரி அவர்கிட்ட கேட்டாரு, யார் சொல்லிக் கலந்தீங்கன்னு. நானும் அந்த ரூம்லதான் உக்காந்திருக்கேன். என் பேரச் சொல்லுவாரு, நாக்கப் புடுங்குற மாதிரி நாலு கேள்வி கேக்கலாம்னு தயாரா இருக்கேன். மனுஷன் தலையத் தூக்கவே இல்ல. "நான்தான் கலந்தேன்"னாரு. அவ்வளவுதான். பெரிய தியாகின்னு நெனப்பு.

அன்னைக்கே மருமக பைய எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டா. இருபத்திரண்டு நாளாச்சு. எம் புள்ள என் மூஞ்சியப் பாத்து ஒரு வா தண்ணி கேக்கல. அதான் கேன்டீனயாவது தெறக்கலாம்னு மனுவோட நிக்கிறேன். கீழ தனியா எழுதுங்க, இதுல எனக்கு எதுவுமே தெரியாதுன்னு.

என்ன கேக்குறீங்க? தெரியுமாவா?

...அந்த மூணாவது டின்னு வர்றதுக்கு முன்னாடி மருமக வந்து சொன்னா. இதுக்கு மேல செவப்பு வேணும்னா சாயம்தான் போடணும்னு அப்பா சொல்றாரு அத்தை, அவருக்கு மனசு ஒப்பலன்னு. அடுப்படி வாசல்ல நின்னுதான் சொன்னா. முந்நூறு பேரு பந்தி, எனக்கு என்ன அவசரமோ. அவளத் திரும்பிக்கூடப் பாக்கல. "எதையோ போடச் சொல்லு, எனக்குச் செவப்பா வரணும்"னேன்.

அத எழுதச் சொல்லல. சும்மா பேச்சுக்குச் சொன்னேன்...

அண்ணே, பேனாவ ஏன் மூடுறீங்க? அந்தக் காகிதத்த ஏன் எங்கிட்ட தள்றீங்க... பாதி எழுதினது, நான் என்ன செய்ய இத வச்சுக்கிட்டு?