படலையடி எண்ணெய்

கதிரை வேண்டாம், ஐயா. விடியக் கரைக்கு வந்து, வள்ளத்து மிசினை வீட்டில் வைத்துவிட்டு நேரே இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தவன் நான். கட்டியிருக்கிற சாரமெல்லாம் மீன் நாற்றம். நின்றுகொண்டே சொல்கிறேன். வந்தது ஒரு முறைப்பாட்டுக்கு. என் வீட்டு வாசற் படலையடியில் எவனோ மோட்டார் சைக்கிள் கொண்டுவந்து நிறுத்துகிறான். அவனை நீங்கள் கண்டுபிடித்துத் தரவேண்டும். ஆனால் அது விளங்க வேண்டுமென்றால் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்த அப்போதிக்கரி தில்லைநாதனின் சங்கதியையும் சொல்லத்தான் வேண்டும்.

என் பெயர் குருசுமுத்து. ஊர்காவற்றுறையில் மிசின் பூட்டிய வள்ளம் வைத்திருக்கிறேன். பொழுதுபடக் கடலுக்குப் போய் விடிய வருவேன். மிசினைக் கரையில் விட்டால் களவு போகும். அதனால் கழற்றித் தோளில் சுமந்து வந்து, படலைக் கயிற்றை அவிழ்ப்பதற்காக ஒருதரம் கீழே இறக்கிவைத்து, மறுபடி தூக்கிக்கொண்டு உள்ளே போவேன். போன மாரி முடிந்த கையோடு ஒருநாள் அப்படித் தூக்கிய பிறகு நிலத்தைப் பார்த்தேன். வெள்ளை மணலில் கறுப்பாக மூன்று துளி எண்ணெய். மறுநாளும் இருந்தது. அதற்கு மறுநாளும் இருந்தது.

எங்கள் ஒழுங்கையால் மோட்டார் சைக்கிளில் போகிறவர் அப்போதிக்கரி ஒருவர்தான். மண்கும்பானிலிருந்து தினமும் ஆஸ்பத்திரிக்கு வருவார். கப்பலில் வேலை செய்த தம்பி கொண்டுவந்து கொடுத்த ஒரு சாமான் அவருடைய வண்டியில் பூட்டியிருந்தது. இருக்கைக்குக் கீழே சின்ன எண்ணெய்த் தகரம், அதிலிருந்து சங்கிலிக்கு ஒரு மெல்லிய குழாய். வண்டி ஓட ஓட எண்ணெய் தானாகச் சொட்டும். நிறுத்திய பிறகும் இரண்டு மூன்று துளி விழும். எங்கள் உப்புக்காற்றில் சைக்கிள் சங்கிலி ஒரு வருடம் தாங்காது. அவருடைய சங்கிலி ஏழு வருடமாகப் புதிதுபோலக் கிடந்தது.

என் மனைவி மாக்கிறேற்றுக்குத் தொய்வு வருத்தம். மூச்சு இழுக்கும்போது அவர் குளிசை கொடுத்திருக்கிறார். படலைக்கு வெளியே நின்றுதான் கொடுத்தாராம். எனக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.

மிசின் தெரிந்தவன் என்று திருத்த வேலைக்கு ஊர் முழுக்க என்னிடம்தான் வரும். அவரும் வந்தார். நான் மரியாதையாகத்தான் பேசினேன்.

"ஐயா, இந்த எண்ணெய்த் தகரம் உங்கட வெள்ளைக் காற்சட்டையைப் பழுதாக்குது. கழட்டிவிடட்டோ?"

அவர் திரும்பித் தன் காற்சட்டையின் பின்பக்கத்தைப் பார்த்தார். கறை இருந்தது, நான் பொய் சொல்லவில்லை.

"ஓம், மனுசியும் தோய்க்க ஏலாதெண்டு பேசுறா. பிறகு சங்கிலிக்கு ஆர் எண்ணெய் விடுறது?"

"ஞாயிறு பூசை முடிய நான் விட்டுத்தாறன்."

"நீர் நல்ல மனுசன், குருசுமுத்து" என்றார்.

இரண்டு ஆணி, ஒரு கம்பிக் கட்டு. பத்து நிமிட வேலை. தகரம் இன்னும் என் கொட்டிலில் இருக்கிறது, துடைத்துத்தான் வைத்திருக்கிறேன்.

சொன்ன சொல்லை நான் தவறவிடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அவர் வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு நிழலில் நிற்பார். நான் சங்கிலிக்குப் போட்டது வள்ளப் பலகைக்குப் பூசுகிற மீன் எண்ணெய். காய்ந்தால் பசைபோல இறுகும். மணலைப் பிடித்தால் விடாது. அதை ஒருவரும் சங்கிலிக்குப் போடமாட்டார்கள். அவருக்கு வாடை தெரியவில்லையா என்று கேட்கப் போகிறீர்கள். எங்கள் முற்றத்தில் எதுதான் மீன் மணக்காமல் இருந்தது?

படலையடியில் துளி மட்டும் நிற்கவில்லை. நான் பூசியதுதான் சொட்டுகிறது என்று எடுத்துக்கொண்டேன். அவரில் எனக்குக் கோபம் இல்லை, ஐயா. கோபமென்றால் ஒருநாள் ஆறிவிடும். எனக்கிருந்தது வெறுப்பு. அவர் சிரித்தபடி "வாறன்" என்று சொல்லிப் போகும்போதெல்லாம் அது கொஞ்சம் கூடும். பதினோராவது ஞாயிறு ஒரு கண்ணியில் மயிரளவு வெடிப்பைக் கண்டேன். அதற்கு மேலேயே பூசிவிட்டு, "இனிப் பயமில்லை, ஐயா" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை காலை மாக்கிறேற்றுக்கு மூச்சு இழுத்தது. குளிசை முடிந்திருந்தது. நான் கடலிலிருந்து வந்து சேர முதலே பக்கத்து வீட்டு இராயப்பு பஸ் சாரதியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறான். அப்போதிக்கரி சாப்பிடாமல் புறப்பட்டு வேகமாக வந்தாராம். வேலணை தாண்டி ஒரு மதகடியில் சங்கிலி அறுந்து பின் சில்லில் சுற்றிக்கொண்டது. சில்லு இறுகி, ஆள் மதகுக் கல்லில் போய் விழுந்தார். உப்புக்காற்று தின்ற சங்கிலி, விபத்து என்று எழுதினார்கள். யாருக்கு வருத்தமென்றாலும் அவர் அப்படித்தான் ஓடுவார் என்று சனம் அழுதது. எனக்கு ஒன்றுதான் தெரிந்தது. அவர் வந்துகொண்டிருந்தது என் வீட்டுக்கு.

அவருடைய பையில் குளிசைப் போத்தல் உடையாமல் கிடந்தது. நானே வாங்கிக்கொண்டுபோய் மாக்கிறேற்றிடம் கொடுத்தேன். குடித்தாள், மூச்சு வந்தது. அவர் செத்ததைச் சொன்னேன். அழுதாள். அந்த அழுகை எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் அவரை எரித்தார்கள். நாலாம் நாள் விடிய, படலையடியில் மூன்று துளி. அவருடைய வண்டியோ நெளிந்து உங்கள் முற்றத்தில் கிடந்தது. அப்படியென்றால் வேறொருவன் இருக்கிறான். மாக்கிறேற்றைக் கேட்டேன்.

"அது உங்கட மிசின்ர எண்ணெய். எத்தினை தரம் சொல்லுறது?" என்றாள்.

முதலிலிருந்தே அவள் இதைத்தான் சொல்லிவந்தாள். எப்போது கேட்டாலும் ஒரே பதில் வந்தால் அது பாடமாக்கிய பதில். என் மிசின் ஒழுகாது, ஐயா. அதைப் பிள்ளைபோல வைத்திருக்கிறேன்.

நேற்றுப் பின்னேரம் அவளுக்கு மறுபடி இழுத்தது. நான் அவளை ஒருநாளும் அடித்ததில்லை, இராயப்புவைக் கேட்டுப்பாருங்கள். குளிசைப் போத்தலை அலுமாரியிலிருந்து எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். பெயரைச் சொல், தருகிறேன் என்றேன். கதிரையைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். "மிசின்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "உங்கட மிசின்" என்றாள். அதற்குப் பிறகு மூச்சு வரவில்லை. கட்டிலில் கிடத்தி, போர்வையைச் சரியாக இழுத்துவிட்டு, படலையை வெளியே கட்டிவிட்டுக் கடலுக்குப் போனேன். போத்தல் இதோ இருக்கிறது. எழுதிக்கொள்ளுங்கள், இரண்டும் நான் செய்தவைதான். எழுதுகிறவர் ஆறுதலாக எழுதட்டும்.

இனி முறைப்பாட்டுக்கு வருகிறேன். இன்று விடிய வந்து மிசினை இறக்கிவைத்தேன். நான் கட்டிய கயிறு கட்டியபடியே இருந்தது. அவிழ்த்து, மிசினைத் தூக்கிக்கொண்டு, குனிந்து பார்த்தேன். அதே மூன்று துளி, காயக்கூட இல்லை. அவளும் இல்லாத வீட்டுக்கு இன்னும் எவன் வருகிறான், ஐயா? அதைத்தான் நீங்கள் விசாரிக்கவேண்டும்.