சாமியார் தீவுக்குப் போனவர்

— சாவி மேசை மேலயே இருக்கு, ஃபார்கர். பெட்டியக் கட்டிக் கதவோரமா வச்சிருக்கார். படுக்கைல ஒரு சுருக்கம் இல்ல.

— நல்ல மனுஷன். நம்ம விடுதில தங்கறவங்க எல்லாரும் மெல்வில் மாதிரி இருந்தா உனக்கு வேலையே இருக்காது.

— வெளையாடாத. சனிக்கிழமை வரைக்கும் தங்கறேன்னுதான வந்தார்?

— மனசு மாறியிருக்கும். காலைக் கப்பல்ல ஊருக்குப் போயிருப்பார்.

— பெட்டிய விட்டுட்டா?

— சரி, கலங்கரை விளக்கத்தப் பாக்கப் போயிருப்பார். இல்லன்னா விஸ்கி காய்ச்சற எடம். ஊர் சுத்த வந்தவர் ஊர் சுத்தறார், இஷ்பெல். வழிய விடு. மாடி அறை ஜெர்மன்காரங்கள பஃபின் பறவை பாக்கக் கூட்டிட்டுப் போகணும். பறவை எனக்காக ஒக்காந்திருக்காது.

— அவர் போனது சாமியார் தீவுக்கு. கஞ்சி குடிக்கறப்ப என்கிட்டதான் வழி கேட்டார்.

— தண்ணி ஏறற நேரத்தச் சொன்னியா?

— சொல்லாம இருப்பனா? நடந்து போற மணல் மத்தியானத்துக்கு மேல கடலுக்குள்ள போயிடும், அதுக்கு முன்னாடி திரும்பிடுங்கன்னேன். அதுக்கு அவர் என்ன கேட்டார் தெரியுமா? “அப்ப அதுக்கப்புறம் அங்க யாரும் வர மாட்டாங்கள்ல?”

— கூட்டம் பிடிக்காதவரா இருப்பார்.

— மொகத்தப் பாத்திருந்தா இப்படிச் சொல்ல மாட்ட. கேட்டுட்டு நிம்மதியா ரொட்டில வெண்ணெய் தடவினார். அந்த நிம்மதிதான் எனக்குச் சரியாப் படல.

— போன வருஷமும் உனக்குச் சரியாப் படல. மீட்புப் படகக் கூப்பிட்ட. நீ காணோம்னு சொன்ன புது ஜோடி படகுக் கொட்டகைல குறட்டை விட்டுட்டுக் கெடந்துச்சு. இன்னிக்கும் துறைல என்னப் பாத்தா சிரிக்கறானுங்க.

— சிரிக்கட்டும். அவர் கழுத்துச் சங்கிலில ஒரு பொம்பள மோதிரம் தொங்குது, கவனிச்சியா? வந்த அன்னிக்கே கேட்டேன், வீட்டுக்காரம்மா வரலையான்னு. “அவ முன்னாடியே போயிட்டா, நான் பின்னாலயே போகணும்”னார். நான் ஒரு மடச்சி. எடின்பரோவுக்குப் போயிருக்காங்க போலன்னு நெனச்சுட்டேன்.

— இத ஏன் மொதல்லயே சொல்லல?

— பெட்டியப் பாத்தப்புறம்தான புரிஞ்சுது.

— இந்நேரம் மணல் பாதி முங்கியிருக்கும். மீட்புப் படகக் கூப்பிடு.

— உங்கிட்டப் பேசறதுக்கு முன்னாடியே கூப்பிட்டுட்டேன். பக்கத்துத் தீவுலேருந்து வரணுமாம். வந்து சேர நேரமாகும்கறாங்க.

— அப்ப நம்ம படகுதான். ஜெர்மன்காரங்ககிட்ட இன்னிக்குப் பஃபின் இல்லன்னு சொல்லிடு. கம்பளிய அள்ளிக்கிட்டு நேராத் துறைக்கு வா.

— நீ இஞ்சினக் கெளப்பி வை. நான் வராம போயிடாத.

— படகக் கெட்டியாப் புடிச்சுக்க, இஷ்பெல். இந்த எடத்துல அலை குறுக்க அடிக்கும்.

— என்னப் பாக்காத, முன்னாடி பாரு. சாமியார் தீவுல இடிஞ்ச கோயில் செவர் தெரியுது. மேட்டுல ஆளையே காணோம்.

— தண்ணியப் பாக்காத. நீயா எதையாவது கற்பனை பண்ணிப்ப.

— பாக்காம எப்படி? மேட்டுல இல்லன்னா வேற எங்க தேடறது?

— அது என்ன, நீலமா? பாறைங்களுக்கு நடுவுல.

— அவர் மழைக்கோட்டுதான் அது. நிக்கறார். இடுப்பு வரைக்கும் தண்ணி. ஃபார்கர், அவர் தனியா இல்ல. ஒரு பொண்ணத் தாங்கிப் புடிச்சுக்கிட்டிருக்கார்.

— நம்ம விடுதில தங்கியிருக்கற பொண்ணா?

— இல்ல, கடற்கரைல கூடாரம் போட்டிருக்கற கூட்டத்துல ஒருத்தி மாதிரி இருக்கு. மிஸ்டர் மெல்வில், இதோ வந்துட்டோம்.

— மொதல்ல இவளப் பாருங்க. கால் பாறை இடுக்குல மாட்டியிருக்கு. நானும் இழுத்துப் பாத்தேன், முடியல. கண்ணு வேற சொருகுது, பேசிக்கிட்டே இருக்கேன்.

— இஷ்பெல், சுக்கானப் புடிச்சுக்க. நான் எறங்கறேன். மெல்வில், இந்தத் துடுப்பால நான் கல்ல நெம்பறேன். அது அசையறப்ப நீங்க இவளத் தூக்கிடணும். இப்பத் தூக்குங்க.

— வந்துடுச்சு. கால் வந்துடுச்சு. அழாதம்மா, முடிஞ்சுது.

— மேல ஏத்துங்க, நான் வாங்கிக்கறேன். ஃபார்கர், அவரையும் தூக்கு.

— ரெண்டு பேர் மேலயும் கம்பளியப் போத்து. நான் திருப்பறேன்.

— உங்க கை கட்டை மாதிரி வெறைச்சுப் போச்சு, மிஸ்டர் மெல்வில். குடுங்க, தேய்ச்சு விடறேன். மணல் முங்கறதுக்கு முன்னாடி நீங்களாவது கரைக்கு ஓடி வந்திருக்கலாமே.

— இவ என் கைய விடல. தனியா விட்டுட்டுப் போயிடாதீங்கன்னு அழுதா. என்கிட்ட செல்போனும் இல்ல.

— என்ன மன்னிச்சுக்கங்க. உங்க பெட்டியப் பாத்துட்டு நான் என்னென்னமோ நெனச்சுட்டேன். வாய் விட்டுச் சொல்லவே கூசுது.

— மன்னிக்க ஒண்ணுமில்ல, இஷ்பெல். நீங்க நெனச்சது சரிதான். நான் முழங்கால் தண்ணில எறங்கினப்புறம்தான் இவ கூப்பிட்டது காதுல விழுந்துச்சு.