வால்வுக்கு அடியில் ஒட்டிய வெளிச்சம்

“ஹலோ... மாமா, கேக்குதா? வினோதினி, திருப்பாப்புலியூர்ல இருந்து... சாப்ட்டேன், சாப்ட்டேன். அத வுடுங்க. சுப்பராயலு ஐயா ரேடியோவ இன்னா பண்ணி அனுப்புனீங்க?”

சிதம்பரத்தில் ரேடியோக் கடை வைத்திருக்கும் ஸ்ரீதர் அவளுடைய அக்கா புருஷன். பழைய வால்வு ரேடியோக்களின் பவர் சப்ளையைப் புதுசாக மாற்றுவது அவர் வேலை. வாடிக்கையாளர்களிடம் செட்டை வாங்கி அவருக்கு அனுப்புவதும், திரும்பி வந்ததைச் சோதித்து ஒப்படைப்பதும் அவள் வேலை.

“நாத்தம் மாமா, நாத்தம்! சுச்சு போட்ட ஒடனே மீன் அழுவுன மாதிரி. மூடியக் கழட்டுனா கெப்பாசிட்டர் வயிறு ஊதி, பழுப்பா ஒழுகிக் கெடக்கு. சோப்பு போட்டுக் கழுவியும் கையில பிசுபிசுங்குது... ச்சீ...”

...

“ஆமா... ஆமா... டையோடு போட்டதத் தப்புன்னு யாரு சொன்னா? எல்லாருந்தான் போடறாங்க. வால்வுக்குப் பதிலா டையோடு போட்டா வோல்ட் ஏறும்ல? கொறைக்க ஒரு ரெசிஸ்டர் வேணாமா? கெப்பாசிட்டரயாவது மாத்த வேணாமா? பழசையே வெச்சு மூடிட்டீங்களே... பாடுனா போதுமா? கீத்து வீடு மாமா அவருது, ஒரு பொறி பட்டா போதும். கட்டில் தலமாட்டுல வெச்சுட்டுத் தூங்குற மனுஷன்!”

...

“சரி, அந்த எல்இடி எதுக்கு?... சிரிக்காதீங்க. எனக்கு வாந்தி வருது.”

ரேடியோவைத் திரும்ப வாங்க வருகிறவர்கள் பின்பக்கம் குனிந்து, எல்லா வால்வும் கனன்றுகொண்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தூக்குவார்கள். அதற்காகவே ஸ்ரீதர், டையோடு போட்டதால் காலியான குழியில் செத்த வால்வு ஒன்றைச் செருகி, அடியில் ஆரஞ்சு நிற எல்இடி ஒன்றைப் பசை வைத்து ஒட்டியிருந்தார்.

“அவரு வால்வே செத்துப்போச்சா?... இருங்க, இருங்க. அனுப்பறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணி, நெயில் பாலிஷ்ல பொட்டு வெச்சுத்தான் அனுப்புவேன். மத்த வால்வுல எல்லாம் பொட்டு இருக்கு. இதுல மட்டும் இல்ல... அழிஞ்செல்லாம் போவாது. அவரு வால்வு எங்க?”

எதிர்முனையில் நீண்ட இருமல்.

“எது... உங்க வீட்டு ஷோகேஸ்ல இருக்கற செட்டுலயா? தூ!... வர்றவங்களுக்குப் போட்டுக் காட்டணும்னு அவரு வால்வப் புடுங்கிக்கினீங்களா?... அக்காவ ஏன் இழுக்கறீங்க?... தெரியட்டும். அழட்டும். நீங்க பண்ணதுக்கு நானா அழ வெக்கறேன்?”

வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. சுப்பராயலு துண்டால் முகத்தைத் துடைத்தபடி உள்ளே வந்தார்.

“வந்துட்டாரு...” குரல் தானாகத் தாழ்ந்தது. “இல்ல, டையோட வெட்டி எடுத்துட்டேன். இப்ப அந்த வெளக்குதான் எரியுது... அவரு வால்வு செத்துப்போச்சுன்னு நான் அவருகிட்ட சொல்லணுமா?... ஒரு வார்த்ததான், ஆமா, ஒரு வார்த்ததான்...”

அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் அக்கா வீட்டில் சண்டை இருக்காது. சுப்பராயலு வழக்கம்போலப் பின்பக்கம் குனிந்தார். ஆரஞ்சு வெளிச்சத்தைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, பெட்டியைத் தூக்கக் கை வைத்தார். வினோதினி பெட்டியின் மேல் கையை வைத்து அழுத்தினாள்.

“ஐயா, தூக்காதீங்க. இங்க பாருங்க.”

வால்வைப் பிடுங்கினாள். எரிகிற வால்வு கையைச் சுட வேண்டும்; இது சில்லென்றிருந்தது. வெறும் குழிக்குள் விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருந்தது. சுப்பராயலு குழியைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார், பிறகு போனைப் பார்த்தார்.

“மாமா, ஸ்பீக்கர்ல போட்டுட்டேன். ஐயா பக்கத்துலதான் நிக்கறாரு. அவரு வால்வு எங்க இருக்குன்னு நீங்களே சொல்லுங்க... சொல்லுங்க மாமா... மாமா?... ஹலோ?”

லைன் கட்டாகியிருந்தது.