தெளியும்வரை பிடித்திரு

ஆற்றுக் கெண்டைக்கு முள் அதிகம். பொறுமை உள்ளவர்களே அதை உண்ணலாம். எனக்குப் பொறுமை உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் மிஷன் பள்ளியில் தமிழ் கற்பித்தவனுக்கு அது இல்லாமல் இருக்க முடியாது. ஆகவே, நான் ஆத்திரத்தில் எதையோ செய்துவிட்டதாகத் தாங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம், காவல் ஆய்வாளர் அவர்களே.

மேட்டுப்பாளையத்துக்கு மேற்கே, பவானிக் கரையில் என் வீடு. பக்கத்துப் பாக்குத் தோப்பை வாங்கி மரக்குடில்கள் கட்டியவன் மெல்வின். என் பழைய மாணவன். கோயம்புத்தூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் அங்கே வந்து தங்குகிறவர்கள், பூச்சியைப் போல இறகு கட்டிய கொக்கியை வீசி மீன் பிடிப்பார்கள். பிடித்ததை முகத்தருகே தூக்கிப் படம் எடுத்துக்கொள்வார்கள். பிறகு ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள். பசிக்குப் பிடிப்பதை நான் ஒருநாளும் குறை கூறியதில்லை. வாயைக் கிழித்துவிட்டு, ‘போய் வா’ என்று வழியனுப்புவதை எந்த அறத்தில் சேர்ப்பது?

மெல்வினிடமே கேட்டேன்.

“சும்மா உடறதில்லீங்க சார். கையை நனைச்சுட்டுத்தான் தொடோணும். தலையைத் தண்ணி வர்ற பக்கம் திருப்பிப் புடிச்சுக்கோணும். அது தெளிஞ்சு, தானா கையை உட்டு நழுவோணும். அதுக்கு முன்னால உட்டா மல்லாந்து செத்துப்போயிருமுங்க” என்றான்.

கருணையைப் பற்றி எனக்கே பாடம்.

அடுத்து, என் விசில். ஊதல் என்பதே முறை. தங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக விசில் என்கிறேன். மேலே உள்ள அணையில் மின்சாரத்துக்காகத் தண்ணீர் திறப்பது வழக்கம். முழங்கால் அளவு ஓடுகிற ஆறு, அப்போது பார்த்திருக்கும்போதே ஆளை மூழ்கடிக்கும். ஆனால் ஆறே முன்கூட்டிச் சொல்லிவிடும். காய்ந்த இலைகளும் நுரையும் முதலில் மிதந்து வரும். பிறகு, வளைவுக்கு அப்பால் கற்கள் உருளும் ஓசை கேட்கும். அவற்றை அறிந்த உடனே நான் ஊதுவேன். துணி துவைப்பவர்களும் குளிப்பவர்களும் கரையேறிவிடுவார்கள். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு எஞ்சியிருந்த பணி அது ஒன்றே.

குடிலில் தங்கியிருந்த உதய் என்பவர் ஒருநாள், “யாருங்க இவரு, ரெஃபரியா? மீனெல்லாம் ஓடிருச்சு” என்றார்.

மெல்வின் சிரித்தான். “எங்க தமிழ் வாத்தியாருங்க. பள்ளிக்கோடத்த உட்டு வந்தும் அவருக்கு இன்னும் கடைசி பெல்லு அடிக்கலீங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். மாலையில் அவனே என் வீட்டுக்கு வந்தான். “தப்பா நெனைக்காதீங்க சார். ஆளுக மீன் புடிக்கறப்போ மட்டும் விசிலு வேண்டாமுங்க. தண்ணி வந்தா வாயில சொல்லிருங்க, போதும்” என்றான். இசைந்தேன். மறுவாரம், தங்க வருகிறவர்கள் பார்க்கும்படி ‘மீண்களை துன்புருத்தாதீர்’ என்று கரையில் ஒரு பலகை நட்டான். என்னிடம் படித்தவன். ஒரே வரியில் இருந்த மூன்று பிழைகளையும் நான் சுட்டவில்லை. இவற்றுக்கும் பின்னர் நடந்ததற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்று குடில்களில் யாரும் இல்லை. பிற்பகலில் மெல்வின் மட்டும் நடு ஆற்றுப் பாறையருகே நின்றிருந்தான். பெரிய கெண்டை ஒன்றைப் பிடித்துக் கொக்கியைக் கழற்றியிருந்தான். அது மல்லாந்துவிட்டது. அவன் குனிந்து, அதைத் தண்ணீருக்குள் இரு கைகளாலும் ஏந்தியிருந்தான். கைக்குழந்தையைக் குளிப்பாட்டுபவன் போல இருந்தது. அப்போது காய்ந்த இலைகள் வந்தன. ஒன்று அவன் முழங்காலில் ஒட்டியது. பாறை மறைத்ததால் அவனுக்கு மேலாறு தெரியாது; கரையில் நின்ற எனக்குத் தெரியும். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

“ஏனுங்க சார், தண்ணி வருதுங்களா? மீனு சொணங்கிக் கெடக்குது. வரலீனா, இது தெளியற வரைக்கும் புடிச்சிருந்து உட்டுட்டு வாரனுங்க.”

விசில் என் சட்டைப்பையில் இருந்தது. நான் ஊதவில்லை. வேண்டாம் என்றவன் அவன்தானே.

பிறகு தண்ணீர் வந்தது. அவன் வாய் திறந்து திறந்து மூடியது. ஓசை என்னை எட்டவில்லை. மீனை எப்போது கைவிட்டான் என்பதை நான் பார்க்கவில்லை. அவன் மறைந்த பின் ஊதினேன். மூச்சு முட்ட ஊதினேன். ஊரார் ஓடி வந்தார்கள்.

அடக்கம் முடிந்ததும் அவன் மனைவி ஃபெமினா என்னிடம் வந்தாள். “நீங்க ஊதுனதாலதானுங்க சார் உடம்பாச்சும் கெடச்சுது. உங்க விசில நிறுத்தச் சொன்ன பாவந்தான் அவரக் கொண்டு போயிருச்சு. சொன்னாக் கேக்காத மனுசன். இனி நீங்க நிறுத்தாதீங்க” என்று என் கைகளைப் பற்றிக்கொண்டாள். அவற்றை விடுவித்துக்கொள்ள நெடுநேரம் ஆயிற்று.

ஆகவே மீண்டும் ஊதுகிறேன். ஊதும்போதெல்லாம் பாறையருகே குனிந்திருப்பவன் நிமிர்ந்து என் பக்கம் திரும்புகிறான். அவன் முகத்தில் கோபம் இல்லை. வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு விடைக்காகக் காத்திருப்பானே, அந்த முகம். நான் வாய் திறப்பதற்குள் தண்ணீர் அவனை மூடிவிடுகிறது. அணை திறக்காத நாள்களிலும் என் கட்டிலுக்கு அடியில் கற்கள் உருளுகின்றன. சன்னலைச் சாத்திப் பார்த்தேன், ஓசை குறையவில்லை.

இருந்தும், அச்சத்தால் இங்கு வரவில்லை. எச்சரித்தும் கேட்காமல் நின்று செத்தான் என்று தாங்களும் ஊராரும் சொல்கிறீர்கள். ஃபெமினாவும் அதை நம்பி, செத்தவனைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். அது பிழை. பிழையான கூற்றைத் திருத்தாமல் விடுவது என் வழக்கம் அன்று. மெல்வின் கேட்டான், முறைப்படி, பணிவாகக் கேட்டான். ‘வருகிறது’ என்று நான் சொல்லியிருந்தால் மீனை விட்டுவிட்டுக் கரையேறியிருப்பான். நேரம் இருந்தது.

“வரவில்லை. பொறுமையாக விடு” என்றேன். கற்கள் உருளுவதைக் கேட்டுக்கொண்டேதான் சொன்னேன். “சரிங்க சார்” என்று அவன் மறுபடியும் மீனின்மேல் குனிந்தான்.

அவனைக் கொன்றவன் நான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையொப்பம் இடுகிறேன். மாணவனிடம் பொய் சொன்னேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவன் கேட்ட கணத்தில், தண்ணீர் வளைவுக்கு அப்பால்தான் இருந்தது.